யார் முதல் குடி?

உள்ளூர் வரலாறுகளில் ‘முதல் குடிகள்’ என்ற சொல்லைக் காணும்போதெல்லாம், யாருக்கு முதல் என்று கேட்கத் தோன்றுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஃபுல்டன் கவுண்டியைப் பார்ப்போம். 1812-ஆம் ஆண்டுப் போரின் வீரர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் என ஒதுக்கப்பட்ட நிலப்பரப்பில், 1823-இல் உருவான கவுண்டி அது. அதன் தலைமையூரான லூயிஸ்டவுனை நிறுவிய ராஸ் என்பார், தம் மகன் லூயிஸின் பெயரையே ஊருக்கு இட்டார். ஊர்க்கதை அவரிடமிருந்து தொடங்குகிறது.

அவ்வூரில் வளர்ந்த எட்கர் லீ மாஸ்டர்ஸ் 1915-இல் வெளியிட்ட ‘ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி’ கவிதைகளில், இடுகாட்டில் உறங்குவோர் தத்தம் வாழ்வைத் தாமே சொல்கிறார்கள். அதே கவுண்டியில், பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த பூர்வகுடிகளின் புதைமேட்டை டான் டிக்சன் 1927-இல் தம் குடும்பப் பண்ணையில் தோண்டினார். இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடந்த கிடையிலேயே பார்வைக்கு வைக்கப்பட்டன. 1945-இல் மாநில அரசு அவ்விடத்தை வாங்கிய பின்னும் காட்சி தொடர்ந்தது. பூர்வகுடியினரின் எதிர்ப்பால் 1992-இல்தான் அது மூடப்பட்டது.

குடியேறியவர்களின் இறந்தோருக்குக் கவிஞன் வாய்த்தான். பூர்வகுடிகளின் இறந்தோருக்குப் பார்வையாளர்களே வாய்த்தனர். நிலப்பத்திரத்திலிருந்து வரலாற்றைத் தொடங்குவதன் விளைவு இது. புதைகுழிகளை மூடியது நியாயமே. ஆனால் ஊர் வரலாற்றின் முதல் அத்தியாயம் அவர்களிடமிருந்து தொடங்கும்வரை அந்த நியாயம் முழுமையடையாது என்பதே என் எண்ணம்.