இருபது பெரிதா, பத்து பெரிதா?

மெகாபிக்சல் என்ற வார்த்தையை இனி யாராவது என் முன்னால் சொன்னால் கெட்ட கோபம் வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். கையில் எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது. இரண்டு செமஸ்டர் டியூஷன் எடுத்துச் சேர்த்தது. ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்க வேண்டும். எங்கள் கல்லூரியில் செல்போனோடு பிடிபட்டால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஹெச்.ஓ.டி. அறை வாசலில் நிற்க வேண்டும். கேமராவுக்கு மட்டும் போட்டோகிராபி கிளப் புண்ணியத்தில் அனுமதி உண்டு. 'அதான் போன் இருக்கே' கோஷ்டி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும், உங்களிடம் கடைசியில் வருகிறேன்.

கிடைத்தது இரண்டு, இரண்டுமே செகண்ட் ஹேண்ட். சீனியர் அண்ணன் ஒருவர் விற்கும் கேனன் இக்ஸஸ் 285 ஹெச்.எஸ்., 2016ல் வந்தது. ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மாமாவிடம் தூங்கும் கேனன் பவர்ஷாட் எஸ்95, 2010ல் வந்தது. ஒரே கம்பெனி, ஒரே விலை. நான் எஸ்95 என்றேன். ஹாஸ்டல் ரூமே எழுந்து நின்றுவிட்டது.

"மச்சி, அது 20 மெகாபிக்சல், இது 10. அது 12 மடங்கு ஜூம், இது நாலு கூட இல்ல. அதுவும் ஆறு வருஷம் பழசு. அதே காசு. உனக்கு என்ன லூசா?"

லூசு இல்லை. பாட்டிக்கு 84 வயது. போன பொங்கலுக்கு ஒரு நண்பனிடம் கேமரா இரவல் வாங்கிப் போனேன் (பெயர் எதற்கு, 16 மெகாபிக்சல் என்று முகத்திலேயே எழுதியிருக்கும்). சாயங்காலம், கூடத்தில் ஒரே ஒரு டியூப் லைட். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பாட்டிக்கு ஃப்ளாஷ் ஆகாது, "அந்த வெளிச்சத்தை மூஞ்சில அடிக்காதடா" என்று கையால் மறைத்துக்கொள்வாள். ஃப்ளாஷ் இல்லாமல் நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் புடவை இருக்கிறது, மூக்குத்தி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது, முகம் இல்லை. 16 மெகாபிக்சலில் இல்லை.

ஆக என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஒரு டியூப் லைட்டில், தலையை ஆட்டி ஆட்டிப் பேசும் 84 வயதுப் பெண்மணியின் முகத்தை எது பிடிக்கும்?

லென்ஸிலிருந்து ஆரம்பிப்போம். எஸ்95 லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 2.0. இக்ஸஸ் எஃப் 3.6. பார்க்க என்னவோ ஒன்றரை எண் வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் வெளிச்சம் இந்த எண்ணின் வர்க்கத்தில் ஏறி இறங்கும். 3.6ஐ 2ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: 3.24. அதாவது ஒரே ஐ.எஸ்.ஓ.வில் எஸ்95 முப்பதில் ஒரு நொடியில் எடுக்கும் படத்துக்கு இக்ஸஸ் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஷட்டரைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பத்தில் ஒரு நொடியில் பாட்டி இரண்டு சொந்தக்காரர்களைத் திட்டிவிடுவாள். கை நடுக்கத்துக்கு ஸ்டெபிலைசர் இரண்டிலும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அது என் கையைத்தான் கட்டுப்படுத்தும், பாட்டியின் தலையை அல்ல. இக்ஸஸில் இந்த மாதிரி வேகமான ஷட்டரை நானாக வைக்கவும் வழியில்லை, அதுவாகப் பார்த்து வைப்பதுதான். எஸ்95ல் மேனுவல் மோடு முழுசாக இருக்கிறது.

அடுத்தது சென்சார். இங்கேதான் நம் காதில் பூ சுற்றுகிறார்கள். விவரப் பட்டியலைப் பார்த்தால் இக்ஸஸ் சென்சார் '1/2.3 இஞ்ச்' என்று இருக்கும். கால்குலேட்டரில் போட்டால் 11 மில்லிமீட்டர் வரும். ஸ்கேல் வைத்து அளந்தால் சென்சாரின் மூலைக்கு மூலை 7.7 மில்லிமீட்டர்தான். மிச்சம் எங்கே போச்சு? எங்கும் போகவில்லை, இருந்ததே இல்லை. பழைய டி.வி. கேமராக்களில் விடிகான் என்று ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அந்தக் குழாயின் வெளி விட்டத்தைச் சொல்லித்தான் அளவு குறிப்பார்கள், உள்ளே படம் விழும் இடம் அதைவிடச் சின்னது. குழாய் ஒழிந்து பல காலம் ஆகியும் அளவு மட்டும் ஒழியவில்லை. அரை கிலோ அல்வாவை டப்பாவோடு சேர்த்து நிறுத்துக் கொடுக்கும் கடை தெரியுமா, அதே கதைதான். இதற்கு ஒரு கம்பெனி மட்டும் பொறுப்பில்லை, எல்லோருமே இப்படித்தான் எழுதுகிறார்கள்.

நிஜ அளவு இது: இக்ஸஸ் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். எஸ்95 சுமார் 7.6க்கு 5.7, பரப்பு 43. சின்ன இடத்தில் 20 மில்லியன் புள்ளி, பெரிய இடத்தில் 10 மில்லியன். ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நிலம் மூன்றில் ஒரு பங்கு. இக்ஸஸில் இருப்பது பின்பக்க ஒளியூட்டு சிமாஸ், புது நுட்பம், இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுத் தரும். முழுசாக மீட்காது. கூடவே லென்ஸும் மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டதே!

'இருந்தாலும் 20 இருந்தா நல்லா ஜூம் பண்ணிப் பாக்கலாம்ல?' பாருங்களேன். இக்ஸஸ் முழு ஜூமில் எஃப் 7.0. அந்தச் சின்ன ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் ஒரு புள்ளியாக விழாது, வட்டமாகப் பரவித்தான் விழும். பிளஸ் டூ இயற்பியலில் டிஃப்ராக்‌ஷன் படித்தோமே, மறந்துவிட்டதா? பச்சை வெளிச்சத்துக்கு அந்த வட்டம் 9 மைக்ரானுக்கு மேல். இந்தச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 1.2 மைக்ரான். ஆக ஒரு புள்ளி எட்டு பிக்சல் அகலத்துக்கு ஈஷிக்கொள்கிறது. லென்ஸ் எந்தக் குறையும் இல்லாத உத்தமமான கண்ணாடியாக இருந்தாலும் இதுதான் கதி. ஃபைல் 20 மெகாபிக்சல்தான். படம் இல்லை.

பிரிண்ட் போடவும் இவ்வளவு வேண்டாம். ஸ்டுடியோவில் போடும் 4க்கு 6 பிரிண்டுக்கு இஞ்சுக்கு 300 புள்ளி கணக்கில் 1800 பெருக்கல் 1200, அதாவது இரண்டேகால் மெகாபிக்சல் கூடக் கிடையாது. ஏ4 அளவுக்கு ஒன்பதுக்குள் முடிந்துவிடும். பத்து போதாது என்பவர்கள் வீட்டுச் சுவரில் என்ன கட்-அவுட்டா வைக்கப் போகிறார்கள்?

நான் மட்டும் சொல்லவில்லை, கேனனே சொன்னது. 2008ல் வந்த பவர்ஷாட் ஜி10ல் 14.7 மெகாபிக்சல். அடுத்த வருடம் 2009ல் வந்த ஜி11ல் 10! சென்சார் வகை அதே 1/1.7. கூடவே வந்த எஸ்90லும் 10தான், எஸ்95 அதற்கு அடுத்த தம்பி. எண்ணைக் குறைத்துப் புது மாடல் விட ஒரு கம்பெனிக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் யோசியுங்கள். ஆனால் மலிவு வரிசையில் அந்தத் தைரியம் நிலைக்கவில்லை. இக்ஸஸ் 285ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், 2025ல் பெயரோடு 'ஏ' என்று ஒரு எழுத்தைச் சேர்த்து, அதே லென்ஸ், அதே 20 மெகாபிக்சலோடு மறுபடியும் கடைக்கு வந்தது.

நியாயமாகவும் பேசிவிடுகிறேன். இக்ஸஸ் 300 எம்.எம். வரை போகும், எஸ்95 105லேயே நின்றுவிடும். வேடந்தாங்கலில் நாரை எடுக்க எஸ்95ஐக் கொண்டுபோனால் நாரை ஒரு கமா போலத் தெரியும். வீடியோவிலும் இக்ஸஸ்தான்: ஃபுல் ஹெச்.டி. எடுக்கும். எஸ்95 720 வரைதான், படம் பிடிக்கும்போது லென்ஸ் ஜூமும் ஆகாது. எடையும் இக்ஸஸ் ஒரு ஐம்பது கிராம் குறைவு. பகலில் வெட்டவெளியில் எடுத்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பேட்டரி இரண்டுமே சுமார்தான்.

என் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு வேறொரு கூட்டம் வருகிறது. 'எஸ்95ல சி.சி.டி. சென்சார் மச்சி, அந்தக் கலரே தனி!' இன்ஸ்டாகிராமில் கொஞ்ச வருடமாக ஓடும் ஜுரம் இது. தயவுசெய்து என் கட்சியில் சேராதீர்கள். சி.சி.டி.யும் சரி சிமாஸும் சரி, வெளிச்சத்தை எண்ணும், நிறம் தெரியாது. நிறத்தைத் தருவது மேலே ஒட்டியிருக்கும் சிவப்பு பச்சை நீல வடிகட்டியும் கேமராவுக்குள் நடக்கும் கணக்கும். எஸ்95 நன்றாக எடுப்பது பெரிய சென்சார், வேகமான லென்ஸ் என்ற இரண்டு சாதா காரணங்களால். சி.சி.டி. மோகத்தில் 2003, 2004 மாடல்களைத் தேடி அலைகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2005 அக்டோபரில் பல கேமரா கம்பெனிகள் வரிசையாக எச்சரிக்கை வெளியிட்டன. 2002 முதல் 2004 வரை தயாரான சோனி சி.சி.டி. சிலவற்றில், சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி இணைப்பு விட்டுப்போய் படம் கோணலாகவோ ஊதாவாகவோ வரும் என்று. சூடும் ஈரப்பதமும்! சென்னையில் வேறு என்ன இருக்கிறது? :-)

சரி, போன் கோஷ்டி. உங்களிடம் சண்டை இல்லை. 2018ல் கூகுள் பிக்சலில் நைட் சைட் வந்ததிலிருந்து நல்ல போன்கள் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கி இருட்டில் எடுக்கும் படத்துக்கு முன்னால் என் எஸ்95 நிற்காது. அந்தப் போன் வைத்திருப்பவர்கள் இரண்டு கேமராவையும் வாங்க வேண்டாம். என்னுடையது ஏழாயிரம் ரூபாய்ப் போன், அதுவும் வாரம் ஐந்து நாள் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது.

போன சனிக்கிழமை மாமா ஸ்டுடியோவில் உட்கார்ந்து எஸ்95ஐப் பரிசோதித்தேன். லென்ஸை இருபது தடவை வெளியே நீட்டி உள்ளே இழுக்க வைத்து கரகர சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். எஃப் 8 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துத் தூசிப் புள்ளி தேடினேன். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன். ஓரத்தில் ஒரு தூசி, அவ்வளவுதான். மாமா முந்நூறு குறைத்தார். அந்தக் காசில் மெமரி கார்டு.

சீனியர் அண்ணனின் இக்ஸஸ் இன்னும் போகவில்லை. பறவை பார்க்கிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பேசினால் ஏழாயிரத்துக்கு இறங்குவார்.