இரவல் நூலுக்கும் வட்டி உண்டு

வாங்கிய கடனைத் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துவது நாணயம். இரவல் வாங்கிய புத்தகத்துக்கும் இது பொருந்தும். ஆனால் புத்தகத்தை மட்டும் திருப்பித் தந்தால் அசல்தான் அடைகிறது. படித்தவர் மனந்திறந்து சொல்லும் கருத்தே அதற்குரிய வட்டி என்பது எங்கள் துணிபு.

திருவனந்தபுரம் வலியசாலையில் ஓர் அலுவலகத்தில் பணியாற்றும் நாங்கள் சிலர், நண்பகல் உணவு வேளையில் நூல்களை மாற்றிக்கொள்வது வழக்கம். இடமும் அதற்கு ஏற்றதே. பழம்பெரும் கல்வி நிலையமான காந்தளூர்ச் சாலை இங்கேதான் இருந்தது எனப் பலர் கருதுகின்றனர். சற்று நடந்தால் சாலைக் கடைத்தெரு. அங்கே பாத்திரக் கடை நடத்தியவாறே அத்தெருவின் மனிதர்களைக் கதைகளில் வாழவைத்த ஆ. மாதவன், 2015ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார்.

நெடுநாள்வரை எங்கள் பரிமாற்றம் வெறும் உபசாரமாகவே இருந்தது. நூலைத் திருப்பித் தருபவர் "நன்றாக இருந்தது" என்பார். கொடுத்தவரும் தலையசைத்து வாங்கிக்கொள்வார். அந்த நிலையை மாற்றியது நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்'. கேரள மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றிய அவர், 1970இல் வெளியிட்ட நாவல் அது. மேலதிகாரி ஒருவருக்காகத் தன்னை விட்டுச் சென்ற மனைவி கார்த்தியாயினியை நினைத்தபடி அனந்தன் நாயர் இந்நகர வீதிகளில் நடக்கிறார். நாங்கள் நாள்தோறும் கடக்கும் வீதிகள் அவை.

முதலில் படித்தவர் ஓய்வுபெறும் நிலையிலிருந்த எங்கள் பிரிவுத் தலைவர். அனந்தன் நாயருக்காகக் கண் கலங்கியதாகக் கூறினார். அடுத்து அவரிடமிருந்து அதைப் பெற்றவர் அவருக்குக் கீழே பணியாற்றிய பெண் ஊழியர். படித்து முடித்தும் பல நாள் நூலைத் திருப்பித் தரவில்லை. ஒருநாள் உணவு மேசையில், "கதையைப் பெரும்பாலும் அவர் நினைவின் வழியாகத்தானே கேட்கிறோம், சார்? அவளே சொல்லியிருந்தால் வேறு கதையாக இருந்திருக்கும்" என்றார். மேசை அமைதியாயிற்று. அதிகாரிக்கும் ஊழியருக்கும் இடைப்பட்ட கதையில், ஓர் ஊழியர் தம் அதிகாரியின் கருத்தை மறுத்துவிட்டாரே என்ற தயக்கம் எங்களுக்கு.

அவரோ நூலை மீண்டும் எடுத்துச் சென்றார். ஒரு வாரம் கழித்து, "நாயர்மேல் எனக்குள்ள இரக்கம் மாறவில்லை. ஆனால் அவளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, அது உண்மை" என்றார். அன்றுமுதல் எங்களிடையே "நன்றாக இருந்தது" என்பது பதிலாக ஏற்கப்படுவதில்லை.

மொழியெல்லையையும் இப்பழக்கம் கடக்க வைத்தது. தமிழ் பேசினால் புரியும், எழுத்துத் தெரியாது என்னும் மலையாள நண்பர் ஒருவர் தகழியின் 'செம்மீன்' மூலத்தைக் கொண்டுவந்தார். நாங்கள் சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தை எடுத்துக்கொண்டோம். அவர் ஒரு பக்கம் வாசிக்க, நாங்கள் அதே பக்கத்தை வாசித்தோம். கடற்கரை மக்களின் பேச்சு மூலத்தில் எப்படி ஒலிக்கிறது என்பதை அன்றுதான் செவியால் அறிந்தோம்.

நூலகங்கள் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். 1829இல் தொடங்கிய பொது நூலகம் இந்நகரில் உள்ளது. பி.என். பணிக்கர் 1945இல் 47 நூலகங்களை இணைத்து வளர்த்த இயக்கம் கேரளச் சிற்றூர்களுக்கெல்லாம் நூல்களைக் கொண்டுசென்றது. அந்தச் செல்வத்துக்கு ஈடில்லை. எனினும், படித்தீர்களா, என்ன நினைத்தீர்கள் என்று நூலகம் நம்மைக் கேட்பதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மறுநாளே கேட்பார்.

மனந்திறந்து பேசினால் உறவு கெடாதா என்பது அடுத்த ஐயம். எங்கள் அனுபவம் வேறு. கருத்து வேறுபாட்டைக் கதைமாந்தர்மீது சொல்லிப் பழகியவர்களால், கோப்பு பற்றியும் பகைமையின்றி மறுத்துப் பேச முடிகிறது.

எனவே, வாசகர்களே, உங்கள் அலுவலகத்திலும் இதைத் தொடங்கிப் பாருங்கள். யாரிடம் எந்த நூல், எந்த நாளில் சென்றது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இல்லையேல் நல்ல நூல்கள் திரும்பி வாரா. பக்கத்தை மடிக்காமல், தாளைக் கிழிக்காமல் திருப்பித் தாருங்கள். அத்துடன், பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று என இரண்டு வாக்கியமேனும் சொல்லுங்கள். நூல் கொடுத்தவர் எதிர்பார்த்திருப்பது அதைத்தான்.