பெட்டியில் ஆயுளும் அச்சாகட்டும்

செஞ்சி காந்தி பஜாரில் 12,000 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் வாங்குகிறவர் நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். முழுக் கூலியும் கைக்கு வந்தால்கூட அந்த போனுக்கு 36 நாள் உழைக்க வேண்டும். செலவு அத்தோடு நிற்பதும் இல்லை. 299 ரூபாய் ரீசார்ஜ் 28 நாளில் தீர்ந்துவிடுவதால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை போட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் மூன்று ஆண்டுகளில் 11,661 ரூபாய். ஏறத்தாழ இன்னொரு போனின் விலை.

இவ்வளவு செலவழித்து இது தேவையா என்று கேட்பது எளிது. அந்தக் கேள்வியை ஏழை வீட்டைப் பார்த்துக் கேட்க நமக்கு உரிமையில்லை. விற்பனைக் கூடத்துக்கு நெல் ஏற்றும் முன்பே அன்றைய விலையை விசாரித்துக்கொள்ள விவசாயிக்கு போன் உதவுகிறது. செஞ்சிக் கோட்டை பார்க்கச் சில்லறை இல்லாமல் வருகிறவரிடம் இளநீர்க்காரர் காசு வாங்குவதும் க்யூஆர் அட்டையில்தான். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவே செயலி வழியாகத்தான். பணித்தளப் பொறுப்பாளர் கையில் ஸ்மார்ட்போன் இல்லாவிட்டால் வேலை பார்த்தவர்களுக்குக் கணக்கு ஏறாது. பிரதமரின் கிசான் உதவித்தொகைக்கும் ஓடிபி கேட்கிறார்கள். போனை ஆடம்பரப் பட்டியலிலிருந்து எடுத்து அத்தியாவசியமாக்கியது அரசாங்கம்தான். 12,000 ரூபாயில் சுமார் 1,830 ரூபாய் ஜி.எஸ்.டி.யாக அரசுக்கே போகிறது. அப்படியிருக்க, அந்தப் பொருள் எத்தனை வருடம் உழைக்கும் என்று வாங்குகிறவருக்கு நிறுவனத்தைச் சொல்ல வைக்கும் பொறுப்பும் அரசுக்கு உண்டு.

இன்றைய நிலையில் அதை யாரும் பெட்டியில் சொல்வதில்லை. பெட்டியில் எம்.ஆர்.பி. இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது, கேமராவின் மெகாபிக்சல் பெரிய எழுத்தில் இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் எந்த வருடம் வரை வரும், பேட்டரியும் டிஸ்பிளேயும் எத்தனை வருடம் கிடைக்கும் என்ற விவரம் அதில் தேடினாலும் கிடைக்காது.

பேட்டரி உப்பிப்போன ஒரு போன் பழுது பார்க்கும் கடைக்கு வந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பின்பக்க மூடியை முன்பு நகத்தால் நெம்பி எடுத்தோம். இப்போது ஹீட்டரில் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டை ஓரத்தில் செருகி, கீறல் விழாமல் பிரிக்க வேண்டும். உள்ளே பேட்டரியும் ஒட்டித்தான் இருக்கும். அதைக் கவனமாக உரித்தெடுத்த பிறகுதான் அடுத்த சிக்கல் வருகிறது: கம்பெனி பேட்டரி கடைக்காரருக்குக் கிடைக்காது. கிடைக்கும் டூப்ளிகேட்டை மாட்டினால் எத்தனை மாதம் தாங்கும் என்று அவராலேயே உறுதி சொல்ல முடியாது. டிஸ்பிளே உடைந்த போனுக்கோ, “இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்ற பதில் வருகிறது. கைத்திறன் உள்ள தொழிலாளியின் வாயிலேயே அந்த வார்த்தையை வரவழைத்திருப்பது போன் செய்யப்பட்ட விதம்.

உடையாத போனும் தப்புவதில்லை. 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனது. பழையதற்கு என்றைக்கோ ஒரு முடிவு வரத்தான் செய்யும், அது குற்றமில்லை. அந்த முடிவு யாருக்குச் சீக்கிரம் வருகிறது என்பதே எங்கள் கவலை. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு அதில் பாதிக் காலம்கூட இல்லை. நினைத்தால் மறுபடி வாங்க முடிந்தவருக்கு ஏழு ஆண்டு உத்தரவாதம். 36 நாள் கூலியைக் கொட்டியவருக்குச் சீக்கிரமே கைவிரிப்பு. இந்த அநியாயத்தைச் சந்தையிடம் விட்டால் அது தானாகச் சரியாகாது.

தவணையில் வாங்குகிறவர் நிலை இன்னும் மோசம். ‘வட்டியில்லாத் தவணை’ என்று ஒன்று கிடையாது, வட்டியைச் செயல்பாட்டுக் கட்டணத்துக்குள் மறைக்கிறார்கள் என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கண்டித்தது. அப்படி விளம்பரம் செய்யும் கடைப் பலகைகள் இன்னும் மாறவில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் ஓர் அறிக்கை கொடுத்தது. போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் பழுதுநீக்கக் குறியீடு தர வேண்டும், கழற்றுவது எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, அப்டேட் எவ்வளவு காலம் என்று மதிப்பெண் போட்டுக் கடையிலும் பெட்டியிலும் காட்ட வேண்டும் என்றது. நல்ல பரிந்துரை. ஆனால் நிறுவனமே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு போதாது. அதைச் சோதித்துப் பார்க்க ஆய்வகமும், பொய் சொன்னால் அபராதமும் வேண்டும். மதிப்பெண்ணோடு குறைந்தபட்ச ஆயுளையும் சட்டம் நிர்ணயிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இது நடைமுறை: ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டுகள் அப்டேட், ஏழு ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள், பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். அங்கே இந்த விதிக்குக் கட்டுப்படும் கம்பெனிகள் பலவும் நம் ஊரிலும் விற்பவைதான்.

விலை ஏறிவிடும் என்பார்கள். கொஞ்சம் ஏறலாம். மூன்று ஆண்டு ஓடும் 12,000 ரூபாய் போனுக்கு ஆண்டுக்கு 4,000 ஆகிறது; ஐந்து ஆண்டு ஓடுவதை 14,000க்கு வாங்கினாலும் ஆண்டுக்கு 2,800தான். செஞ்சியில் இந்தக் கணக்கு போடத் தெரியாதவர் யாருமில்லை. போடுவதற்கான எண்ணைத்தான் மறைத்து வைத்திருக்கிறார்கள்.

டெல்லி சட்டத்துக்காகக் காத்திராமல் தமிழ்நாடு அரசு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது அது. இவ்வளவு பெரிய கொள்முதலில் விற்பவரை நிபந்தனைக்குப் பணிய வைக்க முடியும். இனி விடும் டெண்டர் ஒவ்வொன்றிலும் ஐந்து ஆண்டு அப்டேட்டையும் உதிரிபாகத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். அந்தக் கருவிகளுக்கான பேட்டரியை அச்சிட்ட விலைக்கு விழுப்புரத்தில் எந்தக் கடைக்காரராலும் வாங்க முடிய வேண்டும்.