பூட்டைப் பழிக்கும் முன்

அனுமந்தை, கூனிமேடு, மரக்காணம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கணினிப் பழுதுக் கடை வைத்திருக்கும் நம் தொழில்காரர்களிடம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோடு ஒரு வாசகமும் சேர்ந்தே வருகிறது: "லாக் போட்டதுலேர்ந்து காப்பி ஆகமாட்டேங்குது சார்." நாமும் அதை அப்படியே நம்பிவிடுகிறோம். விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று டீக்ரிப்ட் போடுகிறோம். ஒரு டெராபைட் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரையும் படித்து, அவிழ்த்து, அதே இடத்தில் திரும்ப எழுதும் வேலை அது. ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க்குக்கு அதைவிடக் கொடுமையான வேலை வேறு கிடையாது.

காப்பி நின்றுபோவதற்குக் குறியாக்கமே காரணமாக இருப்பது அபூர்வம். கேபிள், சாக்கெட், பழுதான செக்டார், ஃபைல் சிஸ்டத்தின் வரம்பு, இவைதான் பெரும்பாலும் குற்றவாளிகள். ஆனால் டிஸ்க் பூட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நம் வழக்கமான கைவைத்தியங்கள் எல்லாம் ஆபத்தாக மாறிவிடுகின்றன. சாதாரண டிஸ்க்கைத் தவறிப்போய் குயிக் ஃபார்மட் செய்தால்கூட ரெக்கவரி மென்பொருள் போட்டுக் கல்யாணப் படங்களை எடுத்துக் கொடுத்துவிடலாம். பூட்டிய டிஸ்க்கில் சாவி விவரம் இருக்கும் சில கிலோபைட்டுகள் போனால், மீதி அத்தனையும் அர்த்தமில்லாத எண்குவியல். பிட்லாக்கர் அந்த விவரத்தை மூன்று இடங்களில் எழுதி வைக்கிறது. வெராகிரிப்ட் முதல் செக்டாரில் ஒன்றும் கடைசிப் பகுதியில் ஒரு நகலும் வைக்கிறது. லினக்ஸின் பழைய லக்ஸ் 1 முறையில் ஒரே ஒரு பிரதிதான். வெராகிரிப்டோ லக்ஸோ போட்ட டிஸ்க்கை விண்டோஸ் இயந்திரத்தில் செருகியதும் "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று ஒரு பெட்டி வரும். அதில் 'சரி' என்று தட்டும் விரலுக்கு அந்தக் குடும்பத்தின் பத்து வருடம் தெரியாது.

நம் கரையில் முதலில் சாவது சாக்கெட்தான். உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பளத்தை ஒட்டிய ஊர்களில் இரவுக் காற்று அந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். யுஎஸ்பி 3.0 எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் அகலமான மைக்ரோ-பி சாக்கெட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு பகுதி, பத்து முனைகள். ஐந்து முனைகள் பழைய யுஎஸ்பி 2.0-க்கு, மற்ற ஐந்து வேகப் பாதைக்கு. வேகப் பாதையின் முனைகளில் பச்சை படிந்துவிட்டால் டிஸ்க் சாகாது. சத்தமில்லாமல் யுஎஸ்பி 2.0-க்கு இறங்கிவிடும். அப்போது காப்பி விநாடிக்கு 30, 40 மெகாபைட்டைத் தாண்டாது. பூட்டிய வாரத்திலேயே இது நடந்திருந்தால் பழி பூட்டின் மேல் விழும். வேகம் ஏறி இறங்காமல் அந்த அளவிலேயே நிலையாக நிற்கிறதா என்று கவனித்தாலே போதும், பாதி நோய் தெரிந்துவிடும்.

முனை இன்னும் கெட்டுப்போனால் காப்பியின் நடுவே ஒரு நொடி தொடர்பு அறுந்து திரும்ப வரும். சாதாரண டிஸ்க் என்றால் 'மறுபடி முயல்க' என்று தட்டினால் ஓடிவிடும். பூட்டிய டிஸ்க்கோ தொடர்பு அறுந்தவுடன் மறுபடி பூட்டிக்கொள்ளும். அதனால்தான் அது "பாதியில பாஸ்வேர்ட் கேக்குது" என்ற புகாராக நம்மிடம் வருகிறது.

இங்கே சுத்தம் செய்யும் முறை பற்றி ஒன்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தால் உப்பு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். உப்பு அதில் அநேகமாகக் கரையாது. சாக்கெட் இருக்கும் போர்டைத் தனியாகக் கழற்றி, முதலில் டிஸ்டில்ட் வாட்டரால் உப்பைக் கரைத்து எடுத்து, அதன் பிறகு ஆல்கஹாலால் ஈரத்தை விரட்டி, நன்றாக உலரவிட வேண்டும். அந்தப் போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டபிள்யூடி மை பாஸ்போர்ட் வகையில் பல மாடல்களில் குறியாக்கம் அந்தப் போர்டிலுள்ள சிப்பில்தான் நடக்கிறது, பயனர் ஒருநாளும் பாஸ்வேர்ட் போடாவிட்டாலும்கூட. சாக்கெட் போய்விட்டது என்று வேறு வழியில் டிஸ்க்கை நேராக இணைத்துப் படித்தால் குப்பைதான் தெரியும். சாக்கெட்டை மாற்றிச் சால்டர் வைத்து அதே போர்டை உயிர்ப்பிப்பதுதான் வழி.

பழுதான செக்டார் இருக்கும் டிஸ்க் வந்தால் எந்த வரிசையில் வேலை செய்கிறோம் என்பதே எல்லாம். நம்மில் பலர் முதலில் பூட்டைத் திறக்கிறார்கள், பிறகு எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடுகிறார்கள், நின்றதும் செக்டிஸ்க் ஓட்டுகிறார்கள். இதைத் தலைகீழாக்க வேண்டும். பூட்டியது பூட்டியபடியே இருக்கட்டும். டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் செக்டார் செக்டாராக இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து அது முயலும். மூல டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நகலில் சாவியைப் போட்டுத் திறங்கள். (இரண்டையும் ஒரே இயந்திரத்தில் மாட்டினால் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும். பயப்பட வேண்டாம்.) நகல் திறக்கவில்லை என்றால் விண்டோஸிலேயே இருக்கும் ரிப்பேர்-பிடிஇ கட்டளையை அதன் மேல் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு செக்டார் போனதால் பக்கத்துச் செக்டார்களை அவிழ்க்க முடியாமல் போகாது. குறியாக்கம் செய்த டிஸ்க்கிலும் சேதம் அந்த இடத்தோடு நின்றுவிடும் என்பது நமக்குப் பெரிய ஆறுதல்.

பூட்டையே குற்றம் சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை கோர் ஐ3 போன்ற செயலிகளில் ஏஇஎஸ் கணக்குக்கான தனிக் கட்டளைகள் கிடையாது; அவற்றில் எஸ்எஸ்டி போட்டுப் பூட்டினால் வேகம் குறையத்தான் செய்யும். பிட்லாக்கர் பின்னணியில் இன்னும் குறியாக்கம் செய்துகொண்டிருக்கும்போது காப்பி போட்டாலும் அப்படித்தான். மேனேஜ்-பிடிஇ கட்டளையில் நிலவரம் கேட்டால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்லிவிடும். டிரைவ் திறந்திருக்கிறது, மற்றதெல்லாம் காப்பி ஆகிறது, சில கோப்புகள் மட்டும் 'அனுமதி இல்லை' என்கின்றன என்றால் அது பிட்லாக்கர் அல்ல; கோப்பளவில் பூட்டும் இஎஃப்எஸ். ஓனர்ஷிப்பை மாற்றிப் பயனில்லை. பழைய விண்டோஸில் இருந்த சான்றிதழ் வேண்டும். விண்டோஸை மறுபடி நிறுவும் முன் அதை எடுத்து வைக்காமல் போனது யார் என்ற கேள்வி பெரும்பாலும் நம் கடைப் பக்கமே திரும்பும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் தொழில் கையேடுகள் அதைக் கண்டுகொள்வதில்லை. சைனாலஜி நாஸ் பெட்டிகளில் ஒரு ஷேர்டு ஃபோல்டரைக் குறியாக்கம் செய்தால் அடியில் வேலை செய்வது ஈகிரிப்ட்எஃப்எஸ். உபுண்டுவின் பழைய பதிப்புகளில் ஹோம் ஃபோல்டரைப் பூட்டியதும் இதுதான். அதில் கோப்புப் பெயர் 143 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். 'அனுமந்தை' என்ற ஐந்தெழுத்துப் பெயரே 24 பைட். "மரக்காணம் உப்பளத் தொழிலாளர் கூலிப் பட்டியல் தை மாதம்" என்று ஓர் எக்செல் கோப்புக்குப் பெயர் வைத்தால் பின்னொட்டோடு 149 பைட் ஆகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் அது வெறும் 57 இடம், 255 வரை அனுமதி உண்டு. ஆகவே பிட்லாக்கர் டிரைவில் இருந்தவரை பேசாமல் இருந்த கோப்பு, நாஸுக்குப் போகும்போது மறுக்கப்படும். அலுவலகப் பொறுப்பாளர் டிஸ்க் கெட்டுவிட்டது என்பார். பெயரைச் சுருக்கினால் போய்விடும் தொல்லை.

சாவி விஷயத்துக்கு வருவோம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் விழுந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு எளிது: சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் பிட்லாக்கர் இருந்த இயந்திரங்கள் அதற்கு முன் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டன. கீயைத் தயாராக வைத்திருந்தவருக்குச் சில நிமிட வேலை. இல்லாதவருக்கு அந்தச் சின்ன வேலையும் எட்டாக்கனி. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து மரக்காணம் உப்பளங்களை மூழ்கடித்தது. அப்படி வெள்ளத்தில் நனைந்த மடிக்கணினியில் மதர்போர்டை மாற்றினாலும் இதே கேள்விதான் வரும். பழைய போர்டின் டிபிஎம் சிப்போடு அது வைத்திருந்த சாவியும் போய்விடுகிறது. பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யச் சொல்வதும் இதனால்தான்.

வாடிக்கையாளர் தொலைபேசியில் கீயைப் படித்துச் சொல்லும்போது உதவும் ஒரு கணக்கு. 48 இலக்கமும் ஆறாறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 123453 என்றால் 1, 3, 5 கூட்டினால் 9. 2, 4, 3 கூட்டினாலும் 9. இரண்டும் சமமாகவோ 11 அல்லது 22 வித்தியாசத்திலோ வராவிட்டால் ஓர் இலக்கமாவது தப்பு. எந்தத் தொகுதியும் 7-க்கு மேற்பட்ட எண்ணில் தொடங்காது. கையால் எழுதிய தாளில் 1-ஆ 7-ஆ என்று தெரியாத இடத்தை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம்.

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது; கீ அந்தக் கணக்கில் போய் உட்காருகிறது. மடிக்கணினி விற்கும் இடத்தில் அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயில் முகவரியை உருவாக்கி நுழைத்துக் கொடுத்துவிடுவது நம் தொழிலில் ஊறிப்போன பழக்கம். வாங்கியவருக்கு அந்த முகவரியே தெரியாது. உருவாக்கிய பையன் வேலையை விட்டுப் போயிருப்பான். மூன்று வருடம் கழித்து நீலத் திரையில் கீ கேட்கும்போது அந்தக் குடும்பம் யாரைப் போய்க் கேட்கும்? இது நாம் செய்யும் அநியாயம், இன்றே நிற்க வேண்டும். விற்கும்போதே கணக்கு வாங்குபவர் பெயரில் இருக்கட்டும். கீயை அச்சடித்து பில்லோடு அவர் கையில் கொடுங்கள்.

பழுதுக்கு வாங்கும் சீட்டிலும் மூன்று கேள்வி சேருங்கள்: டிஸ்க் பூட்டியதா, எதனால் பூட்டியது, கீ யாரிடம். கீ வரும் வரை இயந்திரத்தைத் திறக்காதீர்கள். கீயைக் கடை நோட்டில் எழுதி வைக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆடிட்டர் அலுவலகமோ மருத்துவமனையோ தன் டிஸ்க்கை நம்மிடம் கொடுக்கும்போது அந்தப் பொறுப்பின் ஒரு பங்கு நம் மேசைக்கும் வருகிறது. காப்பி எடுத்த பிறகு கடை இயந்திரத்தின் டி டிரைவில் 'பேக்கப் நியூ' என்ற பெயரில் அவிழ்த்த கோப்புகள் மாதக்கணக்கில் கிடப்பதை நம்மில் யாரும் மறுக்க முடியாது. டிஸ்க் உரியவர் கைக்குப் போய், அவர் திறந்து பார்த்துச் சரி என்று கையெழுத்திட்ட அன்றே அந்த நகலை அழித்துவிடுங்கள். இந்த மூன்று கேள்விகளோடு, அழித்த தேதிக்கும் ஒரு வரி விட்ட மாதிரிச் சீட்டு இந்த இதழின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. வெட்டி எடுத்து அப்படியே அச்சடித்துக்கொள்ளலாம்.