முதலில் பள்ளி, பிறகு வேலை ஒப்பந்தம்

வெளிநாட்டில் வேலை கிடைத்த குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் ஆயத்தமாகின்றன. முதலில் சம்பளம் பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்து, அடுத்து விசா, அதன்பின் வாடகை வீடு, கடைசியாகப் பிள்ளைகளின் பள்ளி. இந்த வரிசையில் போனால், பள்ளியின் முறை வரும்போது விரும்பிய வகுப்பில் இடம் நிரம்பியிருக்கும். கல்விக் கட்டணத்தை ஏற்கும்படி நிறுவனத்திடம் கேட்கும் வாய்ப்பும் கையெழுத்தோடு முடிந்திருக்கும். வேலை ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், வீட்டையும் மாற்றலாம். பத்தாம் வகுப்பின் நடுவில் பாடத்திட்டம் மாறினால் அந்தச் சுமை முழுவதும் பிள்ளையின் தலையில்தான் விழும். எனவே வேலையை ஏற்பதா என்று முடிவெடுக்கும்போதே பள்ளியையும் சேர்த்து முடிவெடுக்க வேண்டும்.

சர்வதேசப் பள்ளி என்ற அமைப்பு தோன்றியதே இடம்பெயர்ந்த குடும்பங்களுக்காகத்தான். முதல் உலகப் போருக்குப் பின் ஜெனீவாவில் நாடுகளின் கூட்டமைப்பிலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் பணியாற்ற வந்தவர்களின் பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி தொடங்கப்பட்டது. பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் படித்துவிட்டு, பல்கலைக்கழகப் படிப்புக்குத் தத்தம் நாடுகளுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. எல்லா நாடுகளும் ஏற்கும் ஒரு பள்ளியிறுதித் தகுதியின் தேவையை அந்தச் சூழல் உணர்த்தியது. 1968இல் ஜெனீவாவில் உருவான இன்டர்நேஷனல் பாக்கலாரியட் எனும் ஐபி அமைப்பு அதற்குக் கிடைத்த விடை. திரும்பிப் போகும் வழியை அடைத்துவிடாமல் படிக்க வைப்பதே இத்தகைய பள்ளிகளின் அடிப்படை நோக்கமாக இருந்தது. பெற்றோர் ஒரு பள்ளியை எடைபோடுவதற்கும் இதுவே சரியான அளவுகோல்.

பெயரை அல்ல, பாடத்திட்டத்தை

இன்று ‘இன்டர்நேஷனல்’ என்ற பெயர்ப்பலகையை மட்டும் வைத்து எதையும் அறிய முடியாது. துபாயில் பிரிட்டிஷ், இந்திய, அமெரிக்க, ஐபி பாடத்திட்டங்கள் என ஒரே ஊருக்குள் பல வகைத் தனியார் பள்ளிகள் இயங்குகின்றன. பிள்ளை பதினாறு வயதிலும் பதினெட்டு வயதிலும் எந்தத் தேர்வை எழுதப்போகிறது, அந்தச் சான்றிதழுடன் எந்த நாட்டில் மேற்படிப்புக்குச் சேரப்போகிறது என்பவையே பெற்றோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊர் திரும்பும் திட்டமுள்ள குடும்பத்துக்கு சிபிஎஸ்இ பாதுகாப்பான தேர்வு. இந்தியாவுக்கு வெளியே 200க்கும் மேற்பட்ட பள்ளிகள் இந்த வாரியத்துடன் இணைந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை வளைகுடா நாடுகளில் உள்ளன. அங்கு ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை சென்னையிலோ கோவையிலோ எட்டாம் வகுப்பில் பெரிய இடைவெளியின்றி அமர முடியும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளை ஒரு தொகுதியாகவும் பதினொன்றையும் பன்னிரண்டையும் மற்றொரு தொகுதியாகவும் இந்த வாரியம் கருதுகிறது. அதனால் பத்திலும் பன்னிரண்டிலும் நேரடிச் சேர்க்கைக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு.

பிரிட்டிஷ் பாடத்திட்டத்திலும் இதே போன்ற இரண்டாண்டுத் தொகுதிகள் உள்ளன. ‘இயர் 10’, ‘இயர் 11’ ஆகிய இரண்டு ஆண்டுகள் படித்து ஐஜிசிஎஸ்இ தேர்வையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் படித்து ஏ லெவல் தேர்வையும் மாணவர்கள் எழுதுகிறார்கள். ‘இயர் 11’ல் புதிதாக வருபவரைப் பல பள்ளிகள் சேர்ப்பதில்லை. வகுப்பு எண்ணிலும் பெற்றோர் குழம்புவதுண்டு. அங்கு ஐந்து வயது நிறைந்த பிள்ளை ‘இயர் 1’ல் சேரும் என்பதால், இந்தியாவின் ஐந்தாம் வகுப்பு ஏறத்தாழ ‘இயர் 6’க்குச் சமம். பிள்ளையை ஒரு வகுப்பு மேலே ஏற்றிவிட்டார்கள் என்று மகிழ்வதற்கோ பதறுவதற்கோ இதில் எதுவுமில்லை.

ஐபி டிப்ளமோவில் மாணவர் ஆறு பாடங்களை எடுக்க வேண்டும். அவற்றோடு அறிவுக் கோட்பாடு, 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரை, சமூகச் செயல்பாடுகள் ஆகியவையும் சேரும். மொத்த மதிப்பெண் 45. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இதைப் பிளஸ் 2க்கு இணையாக ஏற்கிறது. இருந்தாலும் மருத்துவம் படிக்க இந்தியா திரும்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தேவை. ஐபி டிப்ளமோவின் வழக்கமான பாடத் தேர்வில் கலைப் பாடத்துக்குப் பதிலாக ஓர் அறிவியல் பாடத்தைச் சேர்த்தாலும் இரண்டு அறிவியல் பாடங்களுக்குத்தான் இடமிருக்கும். மூன்றாவது பாடத்துக்குத் தனி அனுமதி பெற வேண்டும். இதைப் பதினொன்றாம் வகுப்புக்குச் சமமான ஆண்டின் முதல் நாளிலேயே பள்ளியிடம் பேசி முடிக்க வேண்டும். கடைசி ஆண்டில் தெரிந்துகொண்டால் பயனில்லை.

வயதும் காலமும்

எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பாடத்திட்டம் பெரிய கவலையாக இருக்க வேண்டியதில்லை. புதிய மொழியையும் புதிய நண்பர்களையும் அது விரைவில் ஏற்றுக்கொள்ளும். பதின்மூன்று வயது வரை மாற்றங்களைச் சமாளிக்கக் கால அவகாசம் உண்டு. பதினான்கு முதல் பதினெட்டு வரையிலான ஆண்டுகள்தான் சிக்கலானவை. அந்த வயதில் இடம்பெயர நேர்ந்தால் தொகுதியின் தொடக்கத்தில் போய்ச் சேர வேண்டும், அல்லது ஊரில் படித்த அதே பாடத்திட்டத்தைத் தொடர வேண்டும். இரண்டுக்கும் வழியில்லை என்றால், வேலையில் சேரும் தேதியை ஓராண்டு தள்ளிப்போடக் கேட்பதும், ஒருவர் முன்னால் போய்க் குடும்பம் பின்னால் சேர்வதும் நேர்மையான தீர்வுகள். அவற்றைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை.

கல்வியாண்டும் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூன் மாதம் தொடங்குகின்றன. துபாயின் இந்தியப் பள்ளிகள் ஏப்ரலிலும், பிரிட்டிஷ், அமெரிக்கப் பள்ளிகள் ஆகஸ்ட் இறுதியை ஒட்டியும் தொடங்குகின்றன. சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளுக்கு ஜனவரிதான் தொடக்கம். புறப்படும் மாதத்தைப் பொறுத்து ஒரு பிள்ளை ஆறு மாதப் பாடத்தை இழக்கவும் கூடும், படித்ததையே ஆறு மாதம் திரும்பப் படிக்கவும் கூடும். விமானச் சீட்டு எடுக்கும் முன் இரு பள்ளிகளின் நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த இழப்பைத் தவிர்த்துவிடலாம்.

விண்ணப்பத்தின் நடைமுறை

பெரும்பாலான பள்ளிகள் கேட்கும் ஆவணங்கள் ஒன்றுபோலவே இருக்கும். பிள்ளையின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளின் மதிப்பெண் அறிக்கைகள், தடுப்பூசிப் பதிவு, மாற்றுச் சான்றிதழ், வகுப்பாசிரியரோ தலைமையாசிரியரோ நேரடியாக அனுப்ப வேண்டிய பரிந்துரைக் குறிப்பு ஆகியவை அதில் அடங்கும். கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்குப் பழக்கமில்லாதது. ஆசிரியரிடம் முன்கூட்டியே விளக்கி, பள்ளியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து அது போய்ச் சேர்வதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு வரும் தனிச் சிக்கல் பெயரில் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே பதியப்படாமல் இருக்கும். மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று வெளிநாட்டு அலுவலரை நம்பவைக்க வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பள்ளியிலிருந்து விலகும் முன்பே மூன்று ஆவணங்களிலும் பெயரை ஒன்றாக்கிக்கொள்வது மிக முக்கியமான முன்னேற்பாடு.

அடுத்தது சான்றொப்பம். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. அதில் உள்ள நாடுகள் பலவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை ஒன்றே போதும். ஐக்கிய அரபு அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லாததால், மாநில அளவிலான சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று ஆவணம் படிப்படியாக ஏற வேண்டும். இதைக் குடும்பம் ஊரில் இருக்கும்போதே முடிப்பது எளிது.

நுழைவு மதிப்பீட்டைப் பற்றி வீண் அச்சம் வேண்டாம். பிரிட்டிஷ் பள்ளிகள் பல ‘கேட் 4’ எனும் தேர்வை நடத்துகின்றன. மனப்பாடத்தைச் சோதிக்காமல், சொல், எண், வடிவம் ஆகியவற்றைக் கொண்டு சிந்திக்கும் திறனை அது அளக்கிறது. அதற்காகப் பிள்ளையைப் பயிற்சி வகுப்பில் வாட்டுவதால் பயன் குறைவு. ஆங்கிலம் போதாத பிள்ளைக்குத் தனி உதவி உண்டா, அதற்குக் கூடுதல் கட்டணமா என்பதைக் கேட்டறிய வேண்டும். கற்றல் குறைபாடோ சிறப்புத் தேவையோ இருந்தால் அதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். மறைத்துச் சேர்த்தால் உதவி கிடைக்காமல் போவது பிள்ளைக்குத்தான். எழுதிவிட்டால், அதை அறிந்ததும் கைவிரிக்கும் பள்ளி, சேர்க்கத் தகுதியற்ற பள்ளி என்பதும் முதலிலேயே தெரிந்துவிடும்.

கட்டணமும் தரமும்

விளம்பரத்தில் வரும் கல்விக் கட்டணம் முழுச் செலவாகாது. விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், பேருந்து, சீருடை, மதிய உணவு, மடிக்கணினி, தேர்வுக் கட்டணம் எனப் பட்டியல் நீளும். ஹாங்காங்கில் சில பள்ளிகள் கடன்பத்திரம் வாங்கச் சொல்லும், அல்லது திரும்பக் கிடைக்காத மூலதனக் கட்டணத்தைக் கேட்கும். நிறுவனத்திடம் ஒப்பந்தம் பேசும்போது மொத்தத் தொகையைச் சொல்லிக் கேட்பதே முறை. எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த வகுப்பு வரை, கட்டணம் ஆண்டுதோறும் உயர்ந்தால் அந்த உயர்வை ஏற்பது யார், நடு ஆண்டில் வேலை போனால் என்ன ஆகும் ஆகிய நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

தரத்தை அறிவதில் துபாய் ஒரு நல்ல முன்மாதிரி. அங்குள்ள தனியார் பள்ளிகளை அறிவு, மனிதவள மேம்பாட்டு ஆணையம் 2008 முதல் ஆய்வு செய்து, ‘மிகச் சிறப்பு’ தொடங்கி ஆறு தரநிலைகளில் மதிப்பிட்டு, அறிக்கையைப் பொதுவில் வெளியிட்டுவருகிறது. கட்டண உயர்வையும் அதுவே கட்டுப்படுத்துகிறது. அறிக்கை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2024-25இல் பெரும்பாலான பள்ளிகளுக்கு முழு ஆய்வு நடக்கவில்லை. அறிக்கையைப் படிக்கும்போது மொத்தத் தரநிலையோடு நின்றுவிடாமல், பிள்ளை சேரவிருக்கும் நிலையில் கற்பித்தல் எப்படி, ஆசிரியர்கள் எத்தனை வேகத்தில் மாறுகிறார்கள் என்ற பகுதிகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

சர்வதேசப் பள்ளி ஒன்றுதான் வழி என்பதுமில்லை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் கட்டணமில்லை. பிரிட்டனில் பல அரசுப் பள்ளிகளில் முகவரியை வைத்தே முன்னுரிமை தருவதால், பள்ளியைப் பார்த்த பிறகே வீடு பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பிள்ளைகள் முதல் வகுப்பில் சேர, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பிறகு எஞ்சும் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். மேல் வகுப்புகளில் சேர ஏஇஐஎஸ் எனும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். தேறினாலும் இடத்துக்கு உறுதியில்லை. இருந்தும் நீண்ட காலம் தங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கு ஒரு பெரும் பேறு உண்டு. தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால், அரசுப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகவே அதைப் படிக்கலாம்.

தமிழும் அரசும்

மற்ற நாடுகளில் தமிழைக் காப்பது பெற்றோரின் பொறுப்பாகிவிடுகிறது. சிபிஎஸ்இ பாடப் பட்டியலில் தமிழ் உண்டு. ஆனால் குறிப்பிட்ட பள்ளியில் தமிழாசிரியர் இருக்கிறாரா என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இல்லாத இடத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்ப் படிப்புகளும், புலம்பெயர்ந்தோர் நடத்தும் வார இறுதி வகுப்புகளும் கைகொடுக்கும். ஊர் திரும்பும் பிள்ளைக்கு இது உணர்வு சார்ந்த தேவை மட்டுமல்ல. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் எட்டாம் வகுப்பில் வந்து அமரும் பிள்ளை படும் பாடு கொஞ்சமல்ல.

இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பமும் தானே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது நியாயமில்லை. தமிழ்நாடு அரசிடம் அயலகத் தமிழர்களுக்கென்றே ஒரு துறையும் நல வாரியமும் இருக்கின்றன. பள்ளிகளின் மாற்றுச் சான்றிதழ்கள் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் எனும் இணையத் தளம் வழியாகவே உருவாகின்றன. வெளிநாடு செல்லும் பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயருடன் சான்றிதழ் வழங்கவும், மாநில அளவிலான சான்றொப்பத்தை இணையத்திலேயே முடித்துத் தரவும் இந்த அடித்தளம் போதுமானது. நாடுவாரியாகப் பள்ளி வகைகள், சேர்க்கைக் காலம், திரும்பி வந்தால் கிடைக்கும் வாய்ப்புகள் ஆகியவற்றை விளக்கும் கையேட்டையும் அந்தத் துறை வெளியிடலாம். தொழிலாளியானாலும் பொறியாளரானாலும், குடும்பத்தோடு போகிறவர் கையெழுத்திடும் முன் அந்தக் கையேடு அவர் கையில் இருக்க வேண்டும்.