மீனுக்கு உண்டு, மீன்காரம்மாவுக்கு இல்லை

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீமிசலை அடுத்த ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் படகுகள் கரையில் கிடக்கும். மீன் இனம் பெருகும் காலம் அது. வருமானம் நின்றுபோகும் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. நல்ல ஏற்பாடு, எனக்கு அதோடு சண்டை இல்லை. இனம் பெருக ஓய்வு வேண்டும், அந்த ஓய்வுக்கான விலையைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும் என்ற இரண்டு உண்மைகளும் அரசுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. பெண்ணுடம்பு என்று வரும்போது மட்டும் இந்த அறிவு எங்கே போகிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 12 வாரம் சம்பளத்துடன் விடுப்புத் தந்தது. 2017இல் அது 26 வாரம் ஆனது. 2025 நவம்பர் 21 முதல் அதே உரிமைகள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கின்றன. கருச்சிதைவுக்கு 6 வாரம், கருத்தடை அறுவைக்கு 2 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்பதும் சட்டத்தில் இருக்கிறது. கரு கலைந்த மறுவாரமே வேலைக்கு ஓடிய எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

ஆனால் இந்த வீட்டுக்கு வாசல் குறுகல். கடை, நிறுவனம் என்றால் குறைந்தது 10 பேர் வேலை பார்க்க வேண்டும். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். ஐந்து பெண்கள் நிற்கும் ஜவுளிக்கடை இதற்குள் வராது. கூடை சுமந்து தெருத்தெருவாய் மீன் விற்பவருக்கு முதலாளியே கிடையாது. கருவாடு காயப்போடுபவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உடம்பு ஒன்றுதான், வலி ஒன்றுதான். விடுப்பு மட்டும் பதவியைப் பார்த்து வருகிறது.

தமிழக அரசில் நிரந்தரப் பணியிலிருக்கும் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் சம்பளத்துடன் விடுப்பு. மீன்காரம்மாவுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து, 18,000 ரூபாய். 26 வாரத்துக்குப் பங்கிட்டால் நாளுக்கு 100 ரூபாய்கூட வராது. இதே புதுக்கோட்டையில் பிறந்து, மருத்துவம் படிக்கவே போராடிய பெண்ணின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் பெயருக்கு இந்தத் தொகை போதுமா? அரசு ஊழியரின் 12 மாதத்தைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த நியாயம் தெருவரைக்கும் வரட்டும் என்கிறேன்.

பதவி இருந்தாலும் தலையெண்ணிக்கை துரத்துகிறது. தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் மணத்தில் இரண்டு குழந்தைகள். அவர்கள் தந்தையிடம் வளர்கிறார்கள். மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்புக் கேட்டார். உயிரோடிருக்கும் இரண்டு குழந்தைகளைச் சுட்டி 2021இல் மறுத்தார்கள். உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையைச் சேர்ந்தது என்று சொல்லி அவர் பக்கம் நின்றது. குழந்தைக்குப் பல் முளைத்து, நடை பழகி, பேச்சும் வந்த பிறகு அம்மாவுக்கு விடுப்பு! மக்கள்தொகைக் கணக்கைப் பெண்ணின் தையல் போட்ட வயிற்றில் எழுதுவது என்ன நியாயம்?

“இவ்வளவு விடுப்புக் கொடுத்தால் பெண்களை யார் வேலைக்கு எடுப்பார்கள்?” என்பார்கள். நான் முன்பு வேலைபார்த்த ஒரு சுயநிதிக் கல்லூரியில் பிரசவத்துக்குப் போனவர், புதிதாய் வருபவரைப்போல மறுபடி விண்ணப்பம் எழுதித்தர வேண்டும். பழைய ஆண்டுகள் அழிந்துவிடும். இதற்குப் பெயர் ‘சம்பளமில்லா விடுப்பு’. சம்பளமில்லாத விடுப்பில் அவள் இரவு பகலாய் வேலைதானே செய்தாள்?

அந்தக் கேள்விக்குப் பதில் விடுப்பைக் குறைப்பது அல்ல, செலவைப் பகிர்வது. ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவர்களுக்குக் காப்பீட்டு நிதி சம்பளம் தருகிறது. மற்ற இடங்களில் முழுச் சுமையும் முதலாளிமேல் விழுகிறது. சமூகக் காப்பீடோ பொதுநிதியோ ஏற்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை 2000இலேயே சொன்னது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. தகப்பனுக்கோ மத்திய அரசுப் பணியில் 15 நாள். தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. ஆணுக்கும் கட்டாய விடுப்பு என்று ஆகட்டும். வேலைக்கு எடுக்கும்போது பெண்ணின் வயிற்றைப் பார்ப்பது தானே குறையும்.

மாணவிகளே, ‘விடுப்பு’, ‘விடுதலை’ இரண்டும் ‘விடு’ என்ற ஒரே வேரில் முளைத்தவை. ‘சலுகை’ என்ற சொல்லை இதன் பக்கத்தில் வைக்காதீர்கள். டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு மண் சுமந்த பெண்கள் சங்கமாய் நின்று கேட்டார்கள். நிரந்தரப் பணியில்லை என்ற சாக்குச் செல்லாது, அவர்களுக்கும் பேறுகால விடுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000 மார்ச் 8 அன்று தீர்ப்பளித்தது. வேலையில் சேரும்முன் விடுப்பு விதியை எழுத்தில் கேளுங்கள். உங்கள் அம்மா எந்த வேலை பார்த்தாலும் அவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.