தாக்கோல் யாருட்ட இருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமன் வந்து நின்றபோது அவர் கையில் ஒரு பச்சை ரப்பர் ஷீட். மெஷினில் இன்னும் போடாதது, தயிர்க்கட்டி போல ஆடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில், பாதி புதைந்து, அவருடைய போன்.

முந்தின நாள் பாலைத் தட்டில் ஊற்றி ஆசிட் கலக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவியிருக்கிறது. மனுஷன் கவனிக்கவில்லை. ராத்திரி முழுக்க வீட்டையும் விளையையும் சல்லடை போட்டுத் தேடிவிட்டு, காலையில் தட்டைக் கவிழ்த்தபோதுதான் கண்டிருக்கிறார்.

“போனு போனா போட்டு மக்களே. அதுக்குள்ள கிடக்க பாஸ்வேர்டெல்லாம் எங்ஙன எடுக்கது?”

“ஒண்ணுகூட ஓர்மை இல்லையா மாமா?”

“ஓர்மை இருந்தா நான் ஏன் இந்தச் சவத்தையும் தூக்கிட்டு உனக்க வீட்டுக்கு வாறேன்?”

திருவட்டாற்றுக்காரர்களுக்கு ஞாபகம் கிடையாது, ஓர்மைதான். சாவியும் கிடையாது, தாக்கோல்தான். மாமனுடைய கவலையை எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், தாக்கோல் வைத்த இடம் ஓர்மை இல்லை. அவ்வளவுதான். ஆனால் அவர் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் தாக்கோல் இல்லவே இல்லை என்பதைப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரமும் இரண்டு கட்டன் சாயாவும் ஆயிற்று.

பெட்டிக்குள் பணம் இருப்பதைப்போல போனுக்குள் பாஸ்வேர்டு இருப்பதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆண்ட்ராய்டு போனில் ஒரு தளத்துக்குள் நுழையும்போது ‘சேமிக்கவா?’ என்று கீழே எட்டிப் பார்த்துக் கேட்கும். நாமும் அவசரத்தில் சரி என்போம். பெரும்பாலும் அது போய் உட்காருவது நம் கூகுள் கணக்கில். போன் வெறும் ஜன்னல். ஜன்னல் உடைந்தால் அறைக்குள் இருப்பது போய்விடாது. வேறொரு போனில் அதே ஜிமெயிலைப் போட்டால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஐபோன்காரர்களுக்கு ஆப்பிள் கணக்கில் இருக்கும். 2024-ல் வந்த ஐஓஎஸ் 18-லிருந்து இதற்கென்றே தனியாக ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்கள். சாம்சங்கில் கூடுதலாக சாம்சங் பாஸ் என்று இன்னொரு அறை உண்டு. கூகுளில் தேடிக் கிடைக்காதது சில நேரம் அங்கே கிடக்கும்.

என் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். ரப்பர் பாலில் குளித்த சிம்மைத் துடைத்து மாமியின் பட்டன் போனில் போட்டோம். உயிர் இருந்தது.

“உங்க ஜிமெயில் என்ன மாமா?”

“எது மக்களே, பழசா, புதுசா, அதுக்கும் முன்னாடி உள்ளதா?”

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மாமன் இதுவரை மூன்று ஸ்மார்ட்போன் வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கடையில் இருந்த பையன், பழைய கணக்கு என்ன என்று கேட்க நேரமில்லாமல், புதிதாக ஒரு ஜிமெயிலைத் திறந்து கையில் கொடுத்துவிட்டான். அவருக்கும் அது போனோடு சும்மா வரும் கவர் மாதிரி ஒன்று. ஆகவே மூன்று போன், மூன்று அறை, மூன்றிலும் சிதறிக் கிடக்கும் தாக்கோல்கள். நம் ஊரில் அறுபது தாண்டியவர்கள் யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் இந்தக் கதை கொஞ்சமாவது இருக்கும்.

ஜிமெயில் முகவரியே மறந்துவிட்டால்கூட வழி உண்டு. நுழையும் பக்கத்தில் முகவரியை மறந்துவிட்டேன் என்பதைத் தொட்டு, போன் எண்ணையும் பெயரையும் கொடுத்தால், அந்த எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பி, அதோடு இணைந்த கணக்குகளைக் காட்டும். மாமன் பெயரை இனிஷியல் முன்னால், பின்னால், இல்லாமல் என்று போட்டுப் போட்டு இரண்டு கணக்கைப் பிடித்தோம். மூன்றாவது கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழித்துவிடலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் செயல்படுத்துகிறது. அதில் போயிருக்கும்.

எண்ணுக்கு வந்த குறியீட்டைக் கொண்டே உள்ளே நுழைந்த பிறகு வேலை எளிது. செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள தேடல் கட்டத்தில் பாஸ்வேர்டு என்று அடித்தால் போதும். அல்லது குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டுப் போகலாம். போன் தமிழில் இருந்தால் அதன் பெயர் ‘கடவுச்சொல்’. மாமன் அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, “கடவா? எந்தக் கடவு?” என்றார். எங்கள் ஊரைச் சுற்றி ஆறு ஓடுகிறது. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் வந்து சேரும். கடவு என்றால் ஆற்றில் இறங்கும் படித்துறை, அக்கரைக்குக் கடக்கும் இடம். இந்தச் சொல்லை ஆக்கியவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, எங்கள் ஊர்க்காரனுக்கு அது பாஸ்வேர்டைவிடப் பொருத்தமான சொல்தான். என்ன, யாரும் வாயால் சொல்வதில்லை.

பட்டியல் வந்தது. இரண்டு கணக்கிலுமாக 31. ஒன்றைத் தொட்டு, கண் படத்தை அழுத்தி, போன் லாக்கைப் போட்டேன். புள்ளிகள் எழுத்தாயின: ஆர்ஆர்ஐஐ105. அடுத்ததும் அதே. மூன்றாவதில் கடைசியில் ஒரு அட் குறி.

ரப்பர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-ல் வெளியிட்ட ரகம் அது. பால் கொட்டும். எங்கள் பக்கத்து விளைகளையெல்லாம் நிறைத்த மரம். பெரிய எழுத்தும் வேண்டும், எண்ணும் வேண்டும் என்று தளம் கேட்டபோது, இரண்டும் ஒன்றாக இருக்கும் ஒரு பெயர் மாமன் நாக்கில் தயாராக இருந்திருக்கிறது. ஆங்கில அகராதியில் கிடையாது, பிறந்த தேதியும் கிடையாது. மெச்சிக்கொண்டேன். ஆனால் 31 இடத்தில் 28-க்கு அதுவே. ஒரு சின்னக் கடையின் தளத்திலிருந்து அது கசிந்தால் மீதி 27 கதவும் திறக்கும். போனே இதைக் கணக்கெடுத்துச் சொல்கிறது: எது கசிந்தது, எது திரும்பத் திரும்பப் போட்டது, எது பலவீனம் என்று. சோதித்துப் பார் என்ற அந்த வரியை வருஷத்துக்கு ஒருமுறை தொட்டால்கூடப் போதும். (இதை எழுத மாமனிடம் அனுமதி வாங்கியாயிற்று. அந்த நூற்றைந்து இப்போது ஒரு கதவையும் திறக்காது. யாரும் முயல வேண்டாம்.)

மாமனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில், பலர் பங்கிட்டுக்கொண்ட ஒரே கணினிக்கு பாஸ்வேர்டைக் கொண்டுவந்தவர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. அதை முதலில் உடைத்தது எதிரி நாட்டு உளவாளி இல்லை. 1962-ல் அங்கேயே ஆய்வு செய்துகொண்டிருந்த ஆலன் ஷெர், தனக்குக் கொடுத்த கணினி நேரம் போதாமல், பாஸ்வேர்டுப் பட்டியலை அப்படியே அச்சடித்து எடுத்துக்கொண்டார். 1966-ல் இன்னும் மோசம். ஒரு பிழையால் அந்தப் பட்டியல், உள்ளே வந்த எல்லோருக்கும் வரவேற்புச் செய்தியாகக் காட்டப்பட்டது. இதையெல்லாம் பார்த்த கோர்பட்டோ, 2014-ல் தொண்ணூறை நெருங்கும் வயதில், தன் பாஸ்வேர்டுகளை மூன்று பக்கத் தாளில் அடித்து வைத்திருந்ததை ஒப்புக்கொண்டார். கண்டுபிடித்தவருக்கே ஓர்மை நிற்கவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறி எல்லாம் போட்டு அடிக்கடி மாற்று என்று 2003-ல் அமெரிக்க அரசு நிறுவனத்துக்காக விதி எழுதிய பில் பர் என்பவரும், 2017-ல், எழுதியதற்கு வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டார். மாமனைக் கடைசியில் அட் குறி போட வைத்த பாவம் அவரைத்தான் சேரும்.

விரல் ரேகை இருக்கிறதே, முகம் இருக்கிறதே, இனி பாஸ்வேர்டே வேண்டாம், அவற்றைக் காட்டித் திறக்கும் பாஸ்கீ போதும் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் மாமனுடைய கட்டைவிரலைப் பார்த்ததில்லை. விடியுமுன் பால் வெட்டப் போய் வந்தால் விரல் நுனியில் ரப்பர் காய்ந்து ஒரு தோல் மாதிரிப் படிந்திருக்கும். அதை உரித்து உருட்டி எறிந்தால்தான் ரேகை வெளியே வரும். மாமிக்கு அதுவும் இல்லை. இருபது வருஷம் அண்டி ஆபீசில் முந்திரி உடைத்த கை. கொட்டையின் எண்ணெய் ரேகையைத் தின்றுவிட்டது. 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளில் ரேகை மெஷின் வந்த பிறகு, மாமி முன்னே நிற்க வரிசை பின்னே முணுமுணுத்ததை நானே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு விரலாக வைத்து, தலைமுடியில் துடைத்து, மறுபடி வைத்து. போனிலும் ரேகை பதியாதவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது லாக்கைத் திறக்கும் நான்கு எண்தான்.

அந்த நான்கு எண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை. போன் லாக் தெரிந்த யாரும் அந்தக் கண் படத்தை அழுத்தி 31 பாஸ்வேர்டையும் வாசிக்கலாம். இதைத் தெரிந்துகொண்டே நாம் என்ன செய்கிறோம்? பழுதுபார்க்கப் போனைக் கொடுக்கும்போது “லாக் என்ன அண்ணா?” என்று கேட்டால், கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகச் சொல்கிறோம். அவர் அதை ஒரு துண்டு ஸ்டிக்கரில் எழுதிப் போன் முதுகில் ஒட்டிவைக்கிறார். என் போன் ஒருமுறை அந்த ஸ்டிக்கரோடேயே வீட்டுக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். பிரவுசிங் சென்டர் கணினியில் விண்ணப்பம் நிரப்பிவிட்டு, சேமிக்கவா என்றதற்குச் சரி சொல்லி எழுந்து வருவதும் இதே வகை. ஏடிஎம் எண்ணை போன் நம்பர் மாதிரி ‘ஏடிஎம் அண்ணன்’ என்று சேமித்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். திருடன் வந்தால் முதலில் பார்ப்பது அந்த அண்ணனைத்தான்.

எங்கள் ஊர் ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டவர். ஒரே பார்வையில் அகப்பட மாட்டார். மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். அவர் மேலிருந்த தங்கம் களவுபோனது 1992-ல் வெளியே வந்தது. வழக்கு இருபது வருஷத்துக்கு மேல் நடந்து, 2014-ல் 23 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதில் கோயிலுக்குள்ளேயே வேலை பார்த்தவர்களும் உண்டு. 418 வருஷத்துக்குப் பிறகு 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்தபோதும், பிரகாரத்தில் என் பக்கத்தில் நின்ற கிழவர்கள் பேசிக்கொண்டது அந்தக் களவைத்தான். நல்ல பூட்டு செய்வது எப்படி என்று அவர்கள் யாரும் பேசவில்லை. தாக்கோல் யாருட்ட இருந்தது என்றுதான் பேசினார்கள்.

தாக்கோல் ஒரே ஆளிடம் இருந்தாலும் கேடுதான். 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் ஜெரால்டு காட்டன் என்ற கனடாக்காரர் இறந்துபோனார். வயது முப்பது. கிரிப்டோ பணம் மாற்றும் நிறுவனத்தின் தலைவர். பெட்டகத்தின் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நிறுவனம் கையை விரித்தது. பிறகு ஆராய்ந்தவர்கள், பெட்டகம் பல மாதமாகவே காலியாக இருந்ததையும், அவரே மோசடி செய்திருந்ததையும் கண்டார்கள். மாமன் மோசடிக்காரர் இல்லை. ஆனால் கரண்டு பில், கேஸ், இன்சூரன்ஸ், ரப்பர் விற்ற பணம் எல்லாவற்றின் தாக்கோலும் அவரிடம்தான். மகன் துபாயில். மாமிக்குப் பட்டன் போன். அறுபத்தெட்டு வயதில் இன்னும் மழைக்காலத்தில் வழுக்கும் சரிவில் ஏறி இறங்குகிற மனிதர்.

அதனால் இரண்டு மணிக்கூர் உட்கார்ந்து இருந்ததையெல்லாம் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்தோம். ஜிமெயிலுக்கும் வங்கிக்கும் தனித்தனியாகப் புது பாஸ்வேர்டு. மீதியைப் போனே உண்டாக்கி, போனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். அவற்றை யாரும் ஓர்மை வைக்க வேண்டியதில்லை. யுபிஐ பின்னும் ஏடிஎம் எண்ணும் எங்கேயும் சேமிக்கவில்லை. பிறகு ஜிமெயில் முகவரி, அதன் பாஸ்வேர்டு, போன் லாக் மூன்றையும் மட்டும் பேனாவால் ஒரு தாளில் எழுதினேன். கணினிப் படிப்பு படித்த என் மருமகன் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். ரஷ்யாவிலிருந்து கணக்கை உடைக்கிறவன் திருவட்டாற்றுக்கு வந்து பத்தாயத்தைத் திறந்து பார்க்கப்போவதில்லை என்பது என் கட்சி.

“ஜிமெயிலுக்கு என்ன போடலாம் மாமா? மரம் வேண்டாம்.”

மாமன் யோசித்தார். “புதுசா ஒரு நல்ல ரகம் வந்திருக்கு மக்களே, நானூற்றிப் பதினாலு…”

“மாமா!”

கடைசியில் சொன்னது மாமி. நான்கு சொல், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது, சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அதையே போட்டோம். எழுதின தாளை நாலாக மடித்து வாங்கி, மாமி உள்ளே போய் வைத்துவிட்டு வந்தார்.

“எங்க வச்ச?” என்றார் மாமன்.

“சொன்னா நீங்க ஷீட்டுக்குள்ள போட்டுருவிய.”